உலோகக் கழிவைப் பாக்டீரியா என்ன செய்கிறது?

சூலூருக்குக் கிழக்கே எங்கள் பெரியப்பாவின் தோட்டம் இருக்கிறது. போன சித்திரையில் அங்கே போயிருந்தபோது, குளத்திலிருந்து இருபது லோடு வண்டல் ஓட்டித் தென்னைக்கு அடிக்கப்போவதாகச் சொன்னார்.

"அந்தக் குளத்தில் பட்டறைத் தண்ணீர் வந்து சேர்கிறதே பெரியப்பா" என்றேன்.

"அதற்கென்ன கண்ணு? பாக்டீரியாக் கரைசல் ஒன்று விற்கிறார்கள். ஒரு டிரம் கலந்து விட்டால் ஈயம், குரோமியம் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடுமாம்."

அவரை யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது. நாற்பது வருடம் மண்ணோடு பழகியவர். ஜீவாமிர்தம் விட்ட மண் எப்படிப் பொலபொலவென்று ஆகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர். நுண்ணுயிர் நல்லது செய்யும் என்ற நம்பிக்கை அவருக்கு அனுபவத்தில் வந்தது. ஆனால் 'தின்று தீர்த்துவிடும்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. படித்தவர்களும் அதே சொல்லைச் சொல்கிறார்கள். வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய கவலை. பாக்டீரியாவால் உலோகக் கழிவைச் சமாளிப்பது உண்மையான, பல இடங்களில் பயன்பட்டுவரும் அறிவியல். அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் நஞ்சை நம் கையாலேயே வயலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவோம்.

குப்பைக்குழியில் மிஞ்சும் லாடம்

தோட்டத்துக் குப்பைக்குழியை நினைத்துக்கொள்ளுங்கள். சாணம், சோளத்தட்டு, தென்னை ஓலை, சமையல் மிச்சம் எல்லாம் அதில் விழுகின்றன. ஒரு வருடம் கழித்து எரு அள்ளும்போது சாணமும் இல்லை, தட்டும் இல்லை. எல்லாம் கருப்பாக மட்கிப் போயிருக்கும். ஆனால் எப்போதோ மாட்டின் காலிலிருந்து கழன்று விழுந்த லாடம், துருப்பிடித்து, மண்வெட்டியில் 'டங்' என்று படும்.

சாணமும் தட்டும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பெரிய மூலக்கூறுகள். மூலக்கூறு என்பது அணுக்களின் கட்டு. பாக்டீரியா அந்தக் கட்டை அவிழ்க்கிறது. அவிழ்ந்தவை கரியமில வாயுவாகவும் நீராகவும் போய்விடுகின்றன. கக்கூஸ் கழிவும் எண்ணெய்க் கசிவும் பல சாயங்களும் இப்படித்தான் சிதைகின்றன. அவற்றைப் பற்றிப் பேசும்போது 'தின்கிறது' என்று சொல்வதில் தவறில்லை.

ஈயத்தில் அவிழ்ப்பதற்குக் கட்டு எதுவும் இல்லை. அது தனிமம்; அதாவது ஒரே வகை அணுவால் ஆனது. ஓர் ஈய அணுவை எந்தப் பாக்டீரியாவாலும் வேறு அணுவாக மாற்ற முடியாது. நெருப்பில் இட்டாலும் அமிலத்தில் போட்டாலும் அது ஈயமாகவே இருக்கும். காட்மியம், நிக்கல், குரோமியம், பாதரசம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். இவற்றைத்தான் கன உலோகங்கள் என்கிறோம்: எடை மிகுந்தவை, சிறிய அளவு கூடினாலும் உடலைக் கெடுப்பவை. துத்தநாகமும் தாமிரமும் துளியளவு நமக்கும் பயிருக்கும் தேவைப்படுபவை. அளவு மீறினால் அவையும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

எனவே ஒரு குளத்தில் 10 கிலோ ஈயம் இருந்தால், எத்தனை டிரம் கரைசல் ஊற்றினாலும் 10 கிலோ ஈயம் இருந்தே தீரும். அப்படியானால் பாக்டீரியாவால் என்ன பயன்?

உப்பும் மணலும்

ஒரு சொம்பில் ஒரு கை உப்பும் இன்னொன்றில் ஒரு கை மணலும் போட்டு நீர் ஊற்றிக் கலக்குங்கள். உப்பு, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். வடிகட்டியால் பிடிக்க முடியாது. மணல் அடியில் தங்கிவிடும்.

உலோகமும் இந்த இரண்டு நிலைகளிலும் இருக்கும். கரைந்த உலோகம் தண்ணீரோடு கிணற்றுக்குப் போகும், வேர் வழியாகக் கீரைக்குள் ஏறும், மீனின் உடலில் சேரும். கரையாத உலோகம் பெரும்பாலும் சேற்றோடு கிடக்கும். பெரும்பாலும் பாக்டீரியா செய்யும் உதவி இதுதான்: கரைந்த உலோகத்தைக் கரையாத நிலைக்குக் கொண்டுவருவது. வேறு வகையில் சொன்னால், ஓடுகிறவனைப் பிடித்து உட்காரவைப்பது.

இதன் அருமை புரிய வேண்டுமானால் அளவுகளைப் பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 20,000 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம். ஈயத்துக்கு வரம்பு 0.01 மில்லிகிராம், ஒரு லட்சம் லிட்டருக்கு ஒரு கிராம். இவ்வளவு நீர்த்துப்போன நஞ்சை அத்தனை தண்ணீரிலிருந்தும் பிரிப்பது செலவு மிகுந்த வேலை. சேற்றில் படிய வைத்துவிட்டால் கையாள வேண்டிய அளவு வெகுவாகக் குறைந்துவிடும்.

இதுவரை: பாக்டீரியாவால் உலோகத்தை அழிக்க முடியாது, அதன் நிலையை மாற்ற முடியும். இனி எப்படி என்பதைப் பார்க்கலாம்.

நாயுருவி போல ஒட்டுவது

வரப்பில் நடந்து வந்தால் வேட்டியின் கரையில் நாயுருவி ஒட்டிக்கொண்டு வருமே, அதுபோல ஒன்று. பாக்டீரியாவின் மேல்தோல் எதிர்மின் தன்மை கொண்டது. நீரில் கரைந்த ஈயம், காட்மியம் போன்றவை நேர்மின் தன்மை கொண்டவை. இரண்டும் நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும். இதற்கு உயிரியல் ஒட்டுறிஞ்சல் என்று பெயர். இதற்குப் பாக்டீரியா உயிரோடிருக்கக்கூடத் தேவையில்லை, செத்த செல்லிலும் ஒட்டும். நாயுருவியைப் பிடுங்கிப் போடுவது போல, அமிலத்தால் கழுவினால் உலோகம் திரும்பக் கிடைத்துவிடும். எளிமையான வழிதான். ஆனால் வேட்டி நிறைந்துவிட்டால் அதற்கு மேல் ஒட்ட இடமிருக்காது.

மஞ்சள் தண்ணீர், பச்சைச் சேறு

கோவையில் பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறைகளைச் சுற்றி முலாம் பூசும் பட்டறைகள் பல உண்டு. குரோம் முலாம் போடும் இடத்தில், தொட்டியில் முக்கி எடுத்த பாகத்தை அடுத்த தொட்டியில் அலசுவார்கள். அலசிய தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சள்தான் குரோமியம்-6.

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. குரோமியம்-6 நீரில் நன்றாகக் கரையும், புற்றுநோயை உண்டாக்கும். குரோமியம்-3 அதைவிடப் பன்மடங்கு சாது; அமிலம் இல்லாத நீரில் பச்சை நிறப் படிவாக அடியில் உட்கார்ந்துவிடும். ஈரோட்டுப் பக்கம் தோல் பதனிடுவதற்குப் பயன்படுவது பெரும்பாலும் இந்தக் குரோமியம்-3 உப்பு. முலாம் பட்டறையில் பயன்படுவது குரோமியம்-6. இரண்டையும் ஒரே 'குரோமியம்' என்று சொல்லிப் பேசுவதால் பாதிச் சண்டைகள் வருகின்றன.

குரோமியம்-6 ஏன் இவ்வளவு கொடியது? நீரில் அது குரோமேட் என்ற வடிவில் இருக்கிறது. அந்த வடிவம் சல்பேட் என்ற சாதாரணச் சத்தைப் போலவே தோற்றம் கொண்டது. நம் செல்களுக்குச் சல்பேட் தேவை. அதற்கென்று வாசல் வைத்திருக்கின்றன. சல்பேட்டின் வேடத்தில் வரும் குரோமேட்டை அந்த வாசல் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போனதும் மரபுப் பொருளையே தாக்குகிறது. குரோமியம்-3க்கு அந்த வேடம் இல்லாததால் எளிதில் உள்ளே நுழைய முடிவதில்லை.

ஆறை மூன்றாக்குவது எப்படி? எலக்ட்ரான் என்பது அணுவைச் சுற்றியிருக்கும் எதிர்மின் துகள். குரோமியம்-6க்கு மூன்று எலக்ட்ரான்களைக் கொடுத்தால் அது குரோமியம்-3 ஆகிவிடும். இப்படி எலக்ட்ரான் கொடுப்பதற்கு ஒடுக்கம் என்று பெயர். இன்று பட்டறைகளில் அமிலமும் சோடியம் மெட்டாபைசல்பைட்டும் போட்டு இதே ஒடுக்கத்தைச் செய்து, பிறகு சுண்ணாம்பு போட்டுப் படியவைக்கிறார்கள். அதையே சூடோமோனாஸ், பேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களும் செய்கின்றன; சில தற்காப்புக்காக, சில தற்செயலாக. குரோமியக் கழிவு விழுந்து ஊறிய மண்ணில் இத்தகைய பாக்டீரியாக்கள் தாமாகவே வாழ்ந்துகொண்டிருக்கும்.

அடர்ந்த கழிவுக்கு ரசாயனமே வேகமானது என்பது என் கருத்து. நிறையப் பரப்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிவிட்ட நஞ்சுக்குத்தான் பாக்டீரியா கைகொடுக்கும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்கியிருக்கும் குரோமியம்-6ஐ நினைத்துப் பாருங்கள். பூமிக்கடியில் இருக்கும் நீரை எந்தத் தொட்டியில் ஊற்றி மெட்டாபைசல்பைட் போடுவது?

கருஞ்சேறு

நம் ஊர்ச் சாக்கடையின் அடியில் ஒரு குச்சியை விட்டுக் கிளறினால் மை போன்ற கருஞ்சேறு மேலே வரும். கூடவே அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கருப்புக்கும் நாற்றத்துக்கும் காரணமான பாக்டீரியாதான் இந்தக் கட்டுரையின் நாயகன்.

நாம் சோறு தின்கிறோம், மூச்சு விடுகிறோம். இரண்டும் வேறுவேறு வேலைகள். உணவிலிருந்து சக்தியை எடுக்கும்போது எலக்ட்ரான்கள் மிஞ்சுகின்றன. அவற்றை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. சேற்றின் அடியில் ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழும் ஒரு கூட்டம், ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சல்பேட்டிடம் எலக்ட்ரான்களை ஒப்படைக்கிறது. அவற்றைச் சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியா என்கிறோம். எலக்ட்ரான் வாங்கிய சல்பேட், சல்பைடாக மாறுகிறது. முட்டை நாற்றம் அதன் வாயு வடிவமான ஹைட்ரஜன் சல்பைடு. கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கும் தொழிலாளர்களைக் கொல்லும் வாயுக்களில் இதுவும் ஒன்று. அந்தச் சாவுகள் இன்னும் நிற்கவில்லை என்பதை இங்கே சொல்லாமல் போக என்னால் முடியாது.

சல்பைடு, உலோகத்தைக் கண்டால் விடாது. இரும்போடு சேர்ந்தால் கருப்பு நிற இரும்பு சல்பைடு. சாக்கடைச் சேற்றின் மைநிறம் அதுதான். ஈயம், காட்மியம், துத்தநாகம், தாமிரம், நிக்கல் ஆகியவற்றோடும் இப்படியே சேரும். இந்தச் சல்பைடுகள் தண்ணீரில் அறவே கரையாது என்று சொல்லும் அளவுக்குக் கரைதிறன் குறைந்தவை. பூமிக்கடியில் ஈயம் தாதுவாகக் கிடப்பதும் பெரும்பாலும் ஈய சல்பைடாகத்தான். அந்தத் தாதுவின் பெயர் கலீனா. ஆக, மனிதன் சுரங்கத்திலிருந்து வெளியே இழுத்த உலோகத்தைப் பாக்டீரியா மீண்டும் தாது வடிவத்துக்கே கொண்டுபோகிறது. எனக்கு இது ஒவ்வொரு முறை பாடம் நடத்தும்போதும் வியப்பாகவே இருக்கிறது.

கவனியுங்கள்: இந்தப் பாக்டீரியா உலோகத்தைத் தின்னவே இல்லை. அதன் உணவு வேறு. எத்தனால், அசிடேட், சர்க்கரை ஆலை மொலாசஸ் போன்ற ஏதாவது ஒன்றை நாம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உணவு தீர்ந்தால் வேலை நிற்கும். ஆக்சிஜன் புகுந்தாலும் நிற்கும்.

பாதரசம் மட்டும் இங்கே விதிவிலக்கு. சேற்றில் வாழும் சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாக்களில் சில, பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட கொடிய நரம்பு நோய்க்குக் காரணமான பொருள் அதுதான். அங்கே ஆலைக் கழிவிலேயே அது கலந்து கடலுக்கு வந்தது. ஈயத்துக்கு நண்பனான பாக்டீரியா பாதரசத்தை இன்னும் கொடிய நஞ்சாக்கிவிடும். 'எல்லா உலோகத்துக்கும் ஒரே கரைசல்' என்று யாராவது விற்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கக் கூடாது.

சுருக்கமாக, மூன்று வழிகள் பார்த்தோம்: மேலே ஒட்டிக்கொள்வது, எலக்ட்ரான் கொடுத்துச் சாதுவாக்குவது, சல்பைடு உண்டாக்கிப் படியவைப்பது. மூன்றிலும் உலோகம் அங்கேயேதான் இருக்கிறது.

நடந்து காட்டிய இடங்கள்

நெதர்லாந்தில் புடெல் என்ற ஊரில் ஒரு பழைய துத்தநாக ஆலை. நூறாண்டு உற்பத்தியில் அதன் அடிநிலத்து நீரில் துத்தநாகமும் சல்பேட்டும் இறங்கிவிட்டன. 1992இல் அங்கே ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். நிலத்தடி நீரை மேலே இறைத்து, மூடிய தொட்டியில் சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியாவிடம் விட்டு, எத்தனாலை உணவாகக் கொடுத்தார்கள். படிந்த துத்தநாக சல்பைடை அள்ளி அதே ஆலையின் உலைக்கே திருப்பி அனுப்பினார்கள். சேறு எங்கே போகிறது என்ற கேள்விக்கும் அங்கே விடை இருந்தது. அதனால்தான் அந்த உதாரணத்தை எப்போதும் முதலில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கொலராடோவில் ரைபிள் என்ற ஊர், முன்பு யுரேனியம் பிரித்த இடம். அங்கே நிலத்துக்குள்ளேயே அசிடேட்டைச் செலுத்திப் பார்த்தார்கள். மண்ணில் ஏற்கெனவே இருந்த ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா பெருகி, கரைந்த யுரேனியத்தைக் கரையாத வடிவத்துக்கு மாற்றியது. சில வாரங்களில் நீரில் யுரேனியம் குறைந்தது. பிறகு வேறு வகைப் பாக்டீரியா மேலோங்கியதும் யுரேனியம் திரும்ப ஏறியது. வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுபோய் ஊற்றவில்லை, இருந்ததற்கு உணவு கொடுத்தார்கள். நிலைமை மாறியதும் பலனும் மாறியது. இரண்டுமே நமக்குப் பாடம்.

நொய்யலில் ஊற்றினால்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேர்கிறது. அதன் மாசைப் பற்றிப் பேசும்போது மூன்று வெவ்வேறு நோய்களை ஒரே நோயாகப் பேசிவிடுகிறோம்.

சாயம் ஒன்று. அது மூலக்கூறு, பாக்டீரியாவால் பெருமளவு சிதைக்க முடியும். உப்பு இரண்டாவது. சாயமேற்றும்போது கிலோ கிலோவாகப் போடும் சோடியம் உப்புகளைப் பாக்டீரியாவால் நீக்க முடியாது; எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) எந்திரமும் ஆவியாக்கும் கலன்களும்தான் வழி. நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீரை வயலுக்கு வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்ததற்கு இந்த உப்பு முக்கியக் காரணம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதன் பின்னணியும் இதுதான். உலோகம் மூன்றாவது, முலாம் பட்டறை, பேட்டரி உடைக்கும் இடம், சில வகைச் சாயங்கள் ஆகியவற்றிலிருந்து வருவது.

ஓடும் ஆற்றில் டிரம் டிரம்மாகப் பாக்டீரியாவை ஊற்றினால் அது தண்ணீரோடு போய்விடும். ஆக்சிஜன் உள்ள நீரில் சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியா வேலை செய்யாது. சந்தையில் கிடைக்கும் நுண்ணுயிர்க் கரைசல்களில் பெரும்பாலும் இருப்பவை தயிரில் இருக்கும் வகைப் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும். நாற்றத்தைக் குறைக்க அவை உதவலாம். நாற்றம் போனதும் நஞ்சு போய்விட்டது என்று நினைத்துவிடுவதுதான் ஆபத்து. உலோகத்தைப் பிடிக்க வேண்டிய இடம் பட்டறையின் வாசல். ஆற்றில் கலந்து நீர்த்துப்போன பிறகு அதைத் துரத்திப் பிடிப்பது எந்தப் பாக்டீரியாவுக்கும் கடினம்.

வண்டல் வெயிலில் காயும்போது

பெரியப்பாவுக்கு இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, குளத்துச் சேற்றில் பாக்டீரியா ஏற்கெனவே எல்லாவற்றையும் பிடித்து உட்காரவைத்திருக்கிறது என்கிறாய். அப்படியானால் வண்டலை அள்ளினால் என்ன?" என்றார். சரியான கேள்வி.

மாலையில் குளத்துக்குப் போய், கையுறை போட்டுக்கொண்டு, நீர் நிற்கும் ஓரத்தில் முழங்கை ஆழத்திலிருந்து ஒரு பிடி சேறு எடுத்தேன். பளபளவென்று மைக்கருப்பு. பாதியை மூடியுள்ள பாட்டிலில் அழுத்தி நிரப்பினேன். மீதியை ஒரு பழைய தட்டில் மெல்லிசாகப் பரப்பித் திண்ணையில் வைத்தேன்.

மறுநாள் மதியம் தட்டிலிருந்த சேறு ஓரத்திலிருந்து உள்ளே செம்பழுப்பாகிக்கொண்டே வந்தது. நடுவில் கட்டியாக இருந்த இடம் மட்டும் இன்னும் கருப்பு. பாட்டிலில் இருந்தது நேற்றுப் போலவே மைநிறம். தட்டில் காற்று பட்டு இரும்பு சல்பைடு உடைந்து துருவாகியிருக்கிறது. இரும்போடு ஈயமும் காட்மியமும் சல்பைடாக இருந்தால் அவற்றின் பூட்டும் இப்படித் திறக்கக்கூடும். சல்பைடு ஆக்சிஜனோடு சேரும்போது அமிலமும் உண்டாகிறது. அமிலம் உலோகத்தை மறுபடி கரைய வைக்கும். நம் மண்ணில் சுண்ணாம்பு கலந்திருக்கும் இடங்களில் அந்த அமிலம் ஓரளவு அடங்கும். ஆனால் அதை நம்பி இருபது லோடு ஏற்ற முடியாது.

"சாதாரண மண் பரிசோதனையில் இது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. மண்வள அட்டையில் கார அமில நிலை, உப்புத்தன்மை, தழை, மணி, சாம்பல் சத்துகள், துத்தநாகம், இரும்பு போன்ற நுண்சத்துகள் வரும். ஈயம், காட்மியம், குரோமியம் வராது. அவற்றைத் தனியாகக் கேட்டு, கன உலோகம் பார்க்கும் ஆய்வகத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். மாதிரியையும் குளத்தின் ஒரே இடத்தில் எடுக்காமல், கழிவு வந்து சேரும் மதகுப் பக்கம், நடுப்பகுதி, எதிர்க்கரை என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். உலோகம் தண்ணீர் நுழையும் இடத்துக்கு அருகில்தான் அதிகம் படியும்.

பெரியப்பா தட்டை எடுத்து, பழுப்பான ஓரத்தையும் கருப்பான நடுவையும் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய் டிராக்டர்க்காரருக்குப் போன் செய்து, முடிவு வரும்வரை வண்டி வேண்டாம் என்று சொன்னார். மறுநாள் காலை மூன்று துணிப்பைகளும் ஒரு மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மதகுப் பக்கம் போனோம்.